பினாங்குக் கரையில் நாலே முக்கால் மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சொகுசுக் கப்பல் பயணம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் கிடைக்கும் சாப்பாடு, அறை வாடகை, குழந்தைகளுக்கான வசதிகள் எல்லாம் விவரமாக இருந்தன. ஆனால் மலேசியாவின் பினாங்குத் தீவில் கப்பல் நிற்கும்போது என்னென்ன பார்க்கலாம் என்று எழுதியிருந்த பத்தி என்னைக் கவலைப்பட வைத்தது. கொடிமலை ரயில், கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில், தாவரவியல் பூங்கா, பத்து ஃபெரிங்கி கடற்கரை, ஜார்ஜ் டவுன் சுவர் ஓவியங்கள் என ஆறு இடங்களைச் சொல்லி, கப்பல் எட்டு மணி நேரம் நிற்கிறது, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று முடித்திருந்தார்கள்.

இதை நம்பி வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு இறங்குபவர்கள் இருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் 34 ஆண்டுகள் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவன். வண்டி அவுட்டர் சிக்னலில் நிற்பதும் பிளாட்பாரத்தில் நிற்பதும் ஒன்றல்ல என்பதைப் பயணிகளுக்குச் சொல்லிச் சொல்லியே காலம் போனது. கப்பலும் அப்படித்தான். இந்த ஆண்டு பிப்ரவரியில் நான், என் மனைவி, சிங்கப்பூரில் இருக்கும் மகள், மருமகன், ஏழு வயதுப் பேரன் ஐந்து பேரும் பினாங்கு, புக்கெட் என்று நான்கு இரவுக் கப்பல் பயணம் போய்வந்தோம். எங்களிடம் கொடுத்த தாளிலும் பினாங்கில் பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை என்றுதான் போட்டிருந்தது. கட்டுரையில் சொன்ன அதே எட்டு மணி நேரம்.

கணக்கு இப்படிப் போனது. 1.30 என்பது கப்பல் துறையில் கட்டப்படும் நேரம். அதன்பிறகுதான் இறங்க அனுமதி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் முதலில் இறங்கினார்கள். அப்புறம் மலேசியக் குடிநுழைவுச் சோதனை. நாங்கள் முனையத்தின் வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தபோது மணி 2.45. அந்தப் பக்கம் 9.30 என்பது கப்பல் நகரும் நேரம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம் 8.30. அதிலும் ஒரு மணி நேரம் கைவசம் வைத்துக்கொள்ளாமல் முதியவர்களோடு வெளியே போகக் கூடாது. ஆக 7.30-க்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் என்று தாளில் இருந்தது, கையில் நாலே முக்கால் மணி நேரமாகத்தான் வந்து சேர்ந்தது.

முதல் நாள் இரவே கப்பலில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் இந்த நேரங்களை எழுதினேன். கீழிருந்து மேலே எழுதினேன். முதலில் 8.30, அதற்கு மேல் 7.30, அதற்கு மேல் கடைசி இடத்திலிருந்து கிளம்பும் நேரம், அதற்கும் மேல் அங்கே போய்ச் சேரும் நேரம். கட்டாயம் திரும்பியாக வேண்டிய வண்டிக்கு இப்படித்தான் கணக்குப் போட வேண்டும். மேலிருந்து எழுதினால் முதல் இரண்டு இடங்களில் தாராளமாக நேரம் போய்விடும், கடைசியில் மூச்சு வாங்க ஓட வேண்டியிருக்கும்.

அந்தத் தாளைப் பார்த்ததும் மருமகனுக்கு வருத்தம். பேரனைக் கொடிமலை ரயிலில் ஏற்ற வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருந்தார். ரயில்வேக்காரனான எனக்கும் அந்த ஆசை உண்டு. 1923-ல் ஓடத் தொடங்கிய, கம்பிவடத்தால் மலைமேல் இழுக்கப்படும் ரயில் அது. முன்பெல்லாம் பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டுமாம். 2011-ல் புதிய வண்டிகள் வந்தபின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே பெட்டியில் போகலாம். ஆனால் அடிவாரம் துறைமுகத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஆயர் ஈத்தாம் பக்கம் இருக்கிறது. ஏறும்போது ஒரு வரிசை, இறங்கும்போது ஒரு வரிசை. திரும்பும்போது அலுவலகம் விடும் நேரத்து நெரிசல். தாளில் அதற்கு இடமில்லை. "மாப்பிள்ளை, மலைக்குப் போவதென்றால் மலைக்கு மட்டும்தான். ஊரைப் பார்க்க முடியாது. நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஊரையே பார்ப்போம் மாமா" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பினாங்கில் கப்பல் பயணிகளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கட்டுரையில் அதைச் சொல்லவே இல்லை. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராகக் கரையோடு வந்து நிற்கிறது. படகு மாற வேண்டாம், பேருந்து பிடிக்க வேண்டாம். வாசலைத் தாண்டினால் நடந்து போகும் தூரத்தில் ஜார்ஜ் டவுன். 1786-ல் பினாங்கை ஆங்கிலேயர் குடியேற்றமாக்கிய பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய கரை, 2008-ல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த ஊர், எல்லாம் இதுதான். இதை விட்டுவிட்டு வேன் பிடித்து மலைக்கும் கடற்கரைக்கும் ஓடுவது, பந்தியில் இலை போட்டபின் எழுந்து வேறு வீட்டுக்குச் சாப்பிடப் போவதைப் போன்றது.

எனக்கு அந்தக் கரையில் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. என் அம்மாவின் அப்பா 1936-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். அந்நாளில் எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். பெயர் எழுதிய தகரப் பெட்டியும் ஒரு பாயும் கொண்டு டெக்கில் போனார். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஐம்பதுகளில் ஊர் திரும்பியபின் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் கதைகளில் மணிக்கூண்டு ஒன்று அடிக்கடி வரும். காலையில் அதைப் பார்த்துத்தான் வேலைக்கு ஓடுவார்களாம்.

துறைமுக வாசலிலிருந்து சில நிமிட நடையில் அந்த மணிக்கூண்டு வந்துவிட்டது. விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆட்சியாண்டுக்காகக் கட்டியது. ஆண்டுக்கு ஓரடி என்று அறுபது அடி உயரம். பேரனை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தேன். "இவ்வளவுதானா தாத்தா?" என்று கேட்டான். இவ்வளவுதான் என்றேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-ல் கட்டியது, கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதே சாலையில் தெற்கே திரும்பினால் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், அடுத்து மாரியம்மன் கோயில், அதற்கடுத்து கபித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாம் ஒரே தெருவில், ஒன்றுக்கொன்று சில நிமிட தூரத்தில். பள்ளிவாசல் 1801-ல் தமிழ்நாட்டு முஸ்லிம் வணிகர்கள் தொடங்கியது. தொழுகை நேரம் இல்லாததால் உள்ளே போக விட்டார்கள். தலையை மூட என் மனைவிக்கும் மகளுக்கும் அங்கி கொடுத்தார்கள். பளிங்குத் தரையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததில் வெயில் களைப்பே போய்விட்டது.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கில்தான் இருக்கிறது. பிப்ரவரி மாதம், மூன்று மணி வெயில், புழுக்கம். நம்மைக் காப்பாற்றுவது கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை. அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்கிறார்கள். ஐந்தடி அகலம் என்பதால் வந்த பெயர். திறந்த சாலையை விட்டு அஞ்சடியிலேயே நடந்தால் பாதி வெயில் தெரியாது. ஆனால் கடைக்குக் கடை தளம் ஏறி இறங்கும், படிகள் வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் பார்த்து நடக்க வேண்டும். என் மனைவிக்கு இடது முழங்கால் தேய்மானம் உண்டு. அரை மணிக்கு ஒரு முறை எங்காவது உட்காருவது என்று அந்தத் தாளிலேயே எழுதி வைத்திருந்தேன். அதேபோல் கழிப்பறை. வயதானவர்கள் கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அந்த வெயிலில் அது ஆபத்து. முனையத்திலேயே ஒரு முறை போய்விட்டு, அப்புறம் சாப்பிட உட்காரும் இடங்களில் கேட்டுப் போகலாம். யாரும் மறுக்கவில்லை.

மாரியம்மன் கோயிலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பள்ளிவாசல் தெருவிலிருந்து பார்த்தால் தெரிவது கோயிலின் பின்பக்கம். பலர் பூட்டியிருக்கிறது என்று அப்படியே போய்விடுகிறார்கள். கோபுர வாசல் அடுத்த தெருவான குயின் தெருவில் இருக்கிறது. 1833-ல் எழுந்த கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நாங்கள் முதலில் போனபோது நடை சாத்தியிருந்தது. வாசலில் பூக்கட்டிய அம்மாள், "நாலரைக்கு மேல வாங்கய்யா, தொறந்துருவாங்க. எந்த ஊருங்க?" என்று கேட்டார். பிற்பகலில் வரும் கப்பலில் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்தால், பள்ளிவாசலையும் சுவர் ஓவியங்களையும் முதலில் முடித்துவிட்டுக் கோயிலுக்கு வரலாம். நாங்களும் அப்படித்தான் மாற்றிக்கொண்டோம்.

ஆர்மீனியன் தெருவில், சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போவதுபோல் 2012-ல் வரைந்த ஓவியம் இருக்கிறது. சுவரில் ஓவியம், அதன்முன் நிஜ சைக்கிள். பேரனுக்கு அன்றைய நாளின் பெரிய மகிழ்ச்சி அதுவும், பச்சை மாவு நூல்களும் சீவிய ஐஸும் போட்ட செண்டோல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பும்தான். மலை ரயிலை அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு சூலியா தெருவுக்கு வந்தோம். சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நாளில் வழங்கிய பெயர். கிங் தெரு சேரும் முனையில் சின்னதாக ஒரு தர்கா. நாகூர் தர்கா ஷரீஃப். எங்கள் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பாதுஷாவின் நினைவாகக் கடல் கடந்து வந்தவர்கள் கட்டியது. எங்கள் வீட்டிலிருந்து நாகூர் பேருந்தில் கால் மணி நேரம். வியாழக்கிழமை இரவு அங்கே போய்வருவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் வழக்கம். என் மனைவி அந்த முனையில் நின்று அழுதுவிட்டாள். பக்கத்து உணவுக்கடையில் தேத்தாரே ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "நாகப்பட்டினமா? எங்க பாட்டனாரு நாகூருதான். உக்காருங்கம்மா" என்று நாற்காலி போட்டார். இழுத்து ஆற்றிய தேநீரைத்தான் அங்கே தேத்தாரே என்கிறார்கள். பணம் வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம்.

அவர்தான் நாசி கண்டார் கதையைச் சொன்னார். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைக்கும் காவடித்தடி. தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதில் தொடங்கியதாம். அப்படியானால் என் தாத்தா சாப்பிட்டதும் அதைத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு தட்டுச் சோற்றுக்காகவாவது பினாங்கில் இறங்குபவர்கள் கப்பலின் இலவசச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பினாங்குத் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளையும் கோவில் வீட்டையும் வெளியிலிருந்தே பார்த்தோம். 1894-ல் காரைக்குடியில் செய்துவந்த வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு அங்கிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படும். தண்ணீர்மலை மலைக்கோயிலுக்குப் படிகள் ஐந்நூறுக்கு மேல். அங்கே போக வேண்டும் என்ற ஆசை என் மனைவிக்கு இருந்தது. போக முடியாததில் எனக்கும் குறைதான். முருகனுக்காகவே இறங்குபவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக அங்கே போகட்டும். அதுவும் ஒரு நல்ல நாள்தான். இரண்டையும் அவசரத்தில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாகச் சூ குலத்துச் சீனர்கள் கடல்மேல் மரக்கால் நட்டு வீடு கட்டியிருக்கும் படகுத்துறை. அங்கே சூரியன் மறைய ஏறக்குறைய ஏழரை ஆகிறது, ஆகவே அதுவரை நல்ல வெளிச்சம். அங்கிருந்து மூன்று சக்கர மிதிவண்டியில் 7.20-க்குத் துறைமுக வாசலுக்கு வந்துவிட்டோம்.

எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும். மேல்தளத்தில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரும் ஈரோட்டுத் தம்பதி துறையில் ஓடி வந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவர்களுக்குப் பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தாளிலும் கட்டுரையில் வந்ததுபோல் ஆறு இடங்கள் இருந்தன. கொடிமலைக்கு மட்டுமே போக முடிந்ததாம். மேலே இருந்தது இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் வரிசையிலும் சாலையிலும் கழிந்தது. அந்த அம்மாள் இரவு சாப்பிடவே வரவில்லை. மறுநாள் காலையில், "கப்பல் போயிருந்தா நாங்க என்னங்கண்ணா பண்ணியிருப்போம்?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலை யாரும் நம் பயணிகளுக்குத் தமிழில் சொல்வதில்லை. கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களே ஏற்பாடு செய்வார்கள். நாமாகப் போனால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். எங்கள் கப்பலுக்கு அடுத்த துறைமுகம் தாய்லாந்தில். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே விமானத்தில் போய் இறங்குவதற்கான விதி வேறாக இருக்கலாம். கப்பலை விட்டுவிட்டவர் கையில் மாத்திரையும் இருக்காது, மாற்று உடையும் இருக்காது. ஆகவே இறங்கும்போது அன்றாட மருந்து இரண்டு வேளைக்கு, பாஸ்போர்ட்டின் படம், கப்பலின் அன்றைய தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண், இவை கட்டாயம் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டே கையில் வேண்டுமா என்பதை முதல் நாள் இரவே கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, சிங்கப்பூர் விசா. கப்பல் திரும்பவும் சிங்கப்பூருக்கே வருகிறது. அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவுக்கான விசா மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கப்பல் ஏறும் இடத்திலேயே சிக்கல். 2023 டிசம்பரிலிருந்து மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா இல்லாமல் அனுமதி அளித்ததால், விசாவே வேண்டாம் என்று பலர் பொதுவாக நினைத்துக்கொள்கிறார்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு நாட்டின் நடப்பு விதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

புக்கெட்டில் நிலைமை வேறு. பத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் கடலிலேயே நின்றது. சிறு படகில் கரைக்குப் போக வேண்டும், அந்தப் படகுக்கு வரிசை, கடைசிப் படகுக்கு ஒரு நேரம். அதோடு தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றவில்லை. கரையில் கைப்பேசி தானாக மாறிவிட்டது. கைப்பேசியில் நான்கு என்றால் கப்பலில் ஐந்து. நான் பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கழற்றாமல் இருந்தேன். வீட்டில் ஒருவராவது அப்படிச் செய்ய வேண்டும்.

சென்னையிலிருந்தே 2023 ஜூன் முதல் இலங்கைத் துறைமுகங்களுக்குச் சொகுசுக் கப்பல்கள் போகத் தொடங்கிவிட்டன. முதன்முறையாகக் கப்பல் ஏறும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். தங்கள் பத்திரிகையில் அடுத்த முறை இத்தகைய கட்டுரை வரும்போது, பார்க்கும் இடங்களின் பட்டியலுக்கு முன்னால் மூன்று நேரங்களைப் போடுங்கள்: கரையில் கால் வைக்கும் நேரம், எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம், கப்பல் நகரும் நேரம். ஒவ்வொரு இடத்துக்கும் துறையிலிருந்து எவ்வளவு தூரம், நடக்கலாமா, படி உண்டா என்று ஒரு வரி சேருங்கள். பயண ஏற்பாட்டாளர்களும் இதைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை கேட்டால் அவர்கள் காதில் விழும். நான் கேட்டபோது விழவில்லை.

அன்று கப்பலில் எழுதிய நேரத்தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். தேவைப்பட்டால் அச்சிடலாம். ஓரத்தில் தேநீர்க் கறை இருக்கிறது, சூலியா தெருக் கடையில் பட்டது. 7.30-க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருப்பதை மட்டும் அப்படியே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு,
வெளிப்பாளையம், நாகப்பட்டினம்